இதயம் தள்ளி இருந்த லெட்சுமி

நோயாளிக்கு விளங்காததை விளங்கப்படுத்துவது நேர்ஸின் வேலை. நேர்ஸுக்கே விளங்காவிட்டால் என்ன செய்வதென்று பயிற்சியில் யாரும் சொல்லித் தருவதில்லை. வார்ட்டில் நின்று பார்த்த நேர்ஸ்மாருக்கு இது புதிதல்ல. நான் யாழ்ப்பாணத்திலிருந்து ஹட்டன் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு நேர்ஸாகப் போன முதல் வருஷம் எனக்கும் அது நடந்தது.

இடத்தில் இல்லை

லெட்சுமி வட்டகொடைப் பக்கம் தேயிலைக் கொழுந்து பறிப்பவர். படுத்தால் மூச்சு முட்டும் என்று இரண்டு நாளாக உட்கார்ந்தே இருந்தார். இடது நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் குழாயை வைத்தேன். இதயத்தின் சத்தமே இல்லை. நகர்த்தி நகர்த்தி வலது பக்கம் போனபோதுதான் கேட்டது. இடது நுரையீரலைச் சுற்றிச் சேர்ந்த நீர் இதயத்தைத் தள்ளிவிட்டது என்றார் டொக்டர். நான் அதை லெட்சுமியிடம் சொன்னேன்.

"அது எங்க வேணா இருந்துட்டுப் போகட்டும் மிஸ்ஸி, எனக்கு மூச்சு வந்தாப் போதும்."

பாதியில்

டொக்டர் முதுகுப் பக்கம் ஊசி போட்டு நீரை எடுத்தார். போத்தலில் மஞ்சளாக இறங்கியது. ஒன்றரை லீற்றர் வரும்போது லெட்சுமி விடாமல் இருமினார், நெஞ்சைப் பிடிக்கிறது என்றார். டொக்டர் உடனே நிறுத்திவிட்டார். நசுங்கிக் கிடந்த நுரையீரல் சட்டென்று விரிந்தால் அதற்குள்ளேயே நீர் கசியலாம் என்று சிங்களத்தில் சொன்னார். எனக்கே பாதிதான் புரிந்தது. அந்தப் பாதியைத் தமிழில் லெட்சுமியின் புருஷன் ராமையாவிடம் சொன்னேன்.

"தண்ணிய எடுத்தா தண்ணி வருமா? அப்ப எதுக்குங்க எடுக்குறீங்க?"

விரலில் மாட்டும் மெஷின்

அன்று பின்னேரம் லெட்சுமி சாய்ந்து படுத்து, நிம்மதியாக மூச்சு விட்டார். நாடித் துடிப்பும் குறைந்திருந்தது. ஆனால் ஒட்சிசன் அளவு நீர் எடுக்க முன்பு இருந்த அதே அளவுதான். விரலை மாற்றினேன், மெஷினைத் தட்டினேன். அளவு கூடவேண்டும் என்று இல்லை, நீரின் பாரத்தில் கீழே தள்ளப்பட்ட, மூச்சை இழுக்கும் தசையான உதரவிதானம் மேலே வந்திருக்கிறது, இதயத்துக்கும் நிரம்ப இடம் கிடைத்திருக்கிறது, அதுதான் சுகம் என்றார் டொக்டர். நான் மறுபடியும் மெஷினைப் பார்த்தேன்.

"அந்த டப்பாவ என்னத்துக்குப் பாக்குறீங்க மிஸ்ஸி? மூச்சு விடுறது நானு."

வீட்டுக்குப் போன நாள்

மூன்றாம் நாள் மிச்ச நீரையும் எடுத்தோம். சோதனையில் காசநோய் என்று வந்தது, மருந்து தொடங்கினார்கள். அடுத்த கிழமை லெட்சுமி தானே நடந்து வாசல்வரை வந்தார். "நல்லாத்தான் இருக்கிறியள், ஆனா ஆறு மாசம் குளிசையை விடக்கூடாது" என்றேன்.

"நல்லா இருக்கேன்னும் சொல்றீங்க, மருந்தும் குடிக்கச் சொல்றீங்க. இதுல எத மிஸ்ஸி நம்புறது?"

நாங்கள் குழம்பி முடிப்பதற்குள் நோயாளி தேறி வீட்டுக்குப் போய்விடுவதுதான் இந்தத் தொழிலில் எங்களுக்கு வாய்த்த ஒரே அதிர்ஷ்டம்.