கொய்யாப்பழம் கொடுத்து வைத்தவர்

தாம்பரத்தில் விளக்குக் கடை வைத்திருக்கும் நான், சரக்கு எடுக்க நாலு தடவை சீனா போய் வந்தவன். அந்தக் கெத்து இன்று காலையோடு போயிற்று.

பல்பு வாங்க வந்த மாலதி டீச்சர் சொன்னார்: "லீவுக்கு வியட்நாம் போயிட்டு வந்தேன் சார். தனியா."

"தனியாவா! பயமா இல்ல?"

"மொத நாள் ரூம்ல உக்காந்து அழுதேன். மறுநாள் தப்பான பஸ் ஏறிட்டேன். பக்கத்து சீட்டு அம்மா, பாஷை தெரியாட்டியும், கையப் புடிச்சு இறக்கி சரியான பஸ்ல ஏத்திவிட்டாங்க. சாப்பிட கொய்யாப்பழம் வேற குடுத்தாங்க சார்."

அந்தக் கொய்யாப்பழத்தில்தான் எனக்கு வயிறு எரிந்தது.

நாங்கள் சீனா போனால் பன்னிரண்டு வியாபாரிகள், ஒரு வேன், பம்மலிலிருந்து கூடவே வரும் சமையல்காரர். நாலு தடவையும் சாம்பார் சாதம். வழி தவறவே வழியில்லை. அந்த ஊரில் ஒருத்தர்கூட என் கையைப் பிடித்ததில்லை.

டீச்சர் பத்து ரூபாய் குறைக்கச் சொன்னார். முடியாது என்றுவிட்டேன். பொறாமைதான், வேறென்ன.

மத்தியானம் ஊரப்பாக்கம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடும்போது மனைவியிடம் டீச்சர் கதையைச் சொல்லி, "அடுத்த தடவை நானும் தனியாத்தான் போவேன்" என்றேன்.

"மொதல்ல எனக்குப் போன் பண்ணாம ஸ்டேஷன் பக்கம் போயி சாம்பாருக்குக் கத்திரிக்கா வாங்கிட்டு வாங்க. அப்புறம் வியட்நாம் போலாம்."

இப்போது ஊரப்பாக்கம் ஸ்டேஷன் வாசலில் காய்கறிக் கடை முன்னால் நிற்கிறேன். கத்திரிக்காயில் பச்சையும் இருக்கிறது, ஊதாவும் இருக்கிறது.

போன் பண்ணக் கூடாது என்றுதான் சொன்னாள். உங்களைக் கேட்கக் கூடாது என்று சொல்லவில்லை. சாம்பாருக்கு எது? சீக்கிரம் சொல்லுங்கள், கடைக்காரர் முறைக்கிறார்.