பற்றறி மாற்றுவதற்கு முன்...

போன சனிக்கிழமை காலை எங்கள் கொம்பியூட்டர் வகுப்புக்கு ஒரு பெண் வந்தார். கையில் பெட்ஷீட்டால் சுற்றிய நீளமான பொதி.

வவுனியாவில் நான் நடத்தும் இந்த வகுப்பில் இசை பதிவு செய்யும் மென்பொருள் இருப்பது உங்களுக்குத் தெரியும் – இதே பக்கத்தில் நான்தானே பீற்றிக்கொண்டேன்! அதை வாசித்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

பெயர் யோகராணி. பாலர் பாடசாலை ஆசிரியை. பொதிக்குள் இருந்தது ஒரு சின்தசைசர் கீபோர்ட். என்னிடமிருந்த அடாப்டரைக் கொழுவிப் போட்டதும் அதன் சின்னத் திரையில் ஓர் எச்சரிக்கை – உள்ளே இருக்கும் பற்றறி முடியப் போகிறது.

மாற்றினால் சரிதானே, இதில் என்ன கவலை என்று கேட்டேன்.

“மாத்தினா இவர் செய்து வைச்சது அழிஞ்சு போயிடுமாம் அண்ணை. ரேடியோ திருத்துற கடையில சொன்னவை.”

‘இவர்’ என்றது கணவர் சிவத்தை. கிளிநொச்சியில் கல்யாண வீடுகளுக்கு கீபோர்ட் வாசித்தவர். இந்தக் கருவியில் புதிதாக ஒரு சத்தத்தை நாமே உருவாக்கி, பெயர் வைத்துச் சேமிக்கலாம். மனைவி வேலை செய்யும்போது முணுமுணுப்பதைக் கேட்டுக் கேட்டு, மாதக்கணக்கில் மினக்கெட்டு ஒரு சத்தம் செய்தாராம். வைத்த பெயர் – ராணி.

“என்ர குரல் எண்டு சொல்லுவார். எனக்கெண்டா அப்பிடித் தெரியேல்லை,” என்று சிரித்தார் யோகராணி.

கிளிநொச்சியை விட்டு ஊரே எழும்பி ஓடிய நாளில் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அடாப்டர் வீட்டில் கிடந்துவிட்டது. இடம்பெயரும்போது பெரிய சாமானைத்தானே எடுக்கிறோம்... அதை இயக்கும் சின்னதை யார் நினைக்கிறோம்? எடுத்துவர சைக்கிளில் திரும்பிப் போனார் சிவம்.

ஐந்து வருடமாகிறது. யோகராணி விசாரிக்காத இடமில்லை.

அந்தச் சத்தத்தைக் கொம்பியூட்டருக்குள் காப்பாற்ற, முதலில் இரண்டையும் இணைக்கும் மிடி வயரைக் கொழுவி நான் நாலு வரி வாசித்தேன். கொம்பியூட்டரில் திரும்பப் போட்டால் – சுரம் சரி, சத்தம் வேறு! தகரப் பேணியில் தட்டியதுபோல. எந்தக் கட்டையை எப்போது அமத்தினோம் என்ற குறிப்புத்தான் அந்த வயரால் போயிருந்தது. யோகராணியின் முகம் விழுந்துவிட்டது.

ஒரே வழிதான். கீபோர்டின் ஹெட்போன் துவாரத்திலிருந்து சவுண்ட் கார்டுக்கு வயர் இழுத்து, சத்தத்தைச் சத்தமாகவே பதிவது. ஒவ்வொரு கட்டையாக, அறுபத்தொன்றும்.

ஆனால் அந்தச் சத்தம் விரலுக்கு விரல் மாறியது. மெல்ல அமத்தினால் மூச்சுப்போல... பலமாக அமத்தினால் கூராக. எதைப் பதிவது? எல்லாவற்றையும் பதிய எங்கள் பழைய கொம்பியூட்டரில் இடமில்லை.

நான் அமத்திக் காட்டினேன். இல்லை என்று தலையாட்டினார். இன்னும் மெல்ல. அதுவும் இல்லை.

கடைசியில் கதிரையை இழுத்துப்போட்டு யோகராணியே உட்கார்ந்தார். வாசிக்கத் தெரியாதவர். கண்ணை மூடி, ஒற்றை விரலால் ஒரே கட்டையைப் பத்துப் பன்னிரண்டு தடவை அமத்திப் பார்த்தார். பிறகு விரல் ஓரிடத்தில் நின்றது.

“வீட்டில இவர் இப்பிடித்தான் அமத்துவார். எனக்கு மட்டும் கேட்டாக் காணும் எண்டு.”

அந்த விரல் மாறாமல் அறுபத்தொரு கட்டையும் அமத்தி முடித்தார். ஒவ்வொன்றும் தேய்ந்து முற்றாக அடங்கும்வரை இருவரும் காத்திருந்தோம். அன்றைய வகுப்பை நான் நடத்தவேயில்லை.

பின்னேரம் ரேடியோ கடைக்காரர் வந்து பற்றறியை மாற்றினார். எச்சரிக்கை போய்விட்டது. பெயர் இருந்த இடத்தில் வெறும் கோடுகள். யோகராணி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பதிந்ததைக் கொம்பியூட்டரில் போட்டேன். அச்சொட்டாக அதே சத்தம். கேட்டுவிட்டு யோகராணி என்னிடம் கேட்டார்: “இனி எவ்வளவு பலமா அமத்தினாலும் இது இப்பிடித்தான் கேக்கும், என்ன?”

ஓம் என்றேன்.

“இவ்வளவும் காணும் அண்ணை. மிச்சத்தை இவர் வந்து செய்யட்டும்.”

பொதியைக் கட்டிக்கொண்டு, நான் பதிந்து கொடுத்த சீடியோடு போய்விட்டார். ஒரு பிரதி என்னிடம் இருக்கிறது. பத்திரமாக வைத்திருப்பேன்...

சிவம் வந்து இதைவிட நல்லதாய் ஒன்று செய்கிற அன்று, இந்தப் பிரதியை அழிப்பதும் நானாகத்தான் இருக்கவேண்டும்.