கனி பாயும் டிக்கிக்குள் இருந்த ஒரு போல்ட்டும்

கனி பாய் காலமாகிவிட்டார். காலையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. நெஞ்சு வலியாம். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

தெரியாதவர்களுக்கு... அரியமங்கலத்தில் என் பெயிண்ட் ஷெட்டுக்கு அடுத்த ஷெட் அவருடையது. ஆட்டோ எலக்ட்ரீஷியன். பழைய கார் மட்டும்தான். கம்ப்யூட்டர் வைத்த வண்டி வந்தால் தூரத்திலேயே கும்பிடு போட்டு அனுப்பிவிடுவார்.

கரண்ட் சோதிக்க மீட்டர் எல்லாம் கிடையாது. ஒரு சின்ன பல்பு, அதில் இரண்டு ஒயர். அதை வண்டியில் அங்கங்கே வைத்து வைத்துப் பார்ப்பார். "சொல்லு ராசா, எங்க வலிக்குது" என்று வண்டியிடம் வேறு கேட்பார்.

"நாக்க நீட்டச் சொல்லுங்க பாய்" என்பேன். "மொதல்ல உங்க நாக்க உள்ள வைங்க பெயிண்டரே" என்பார்.

ஸ்ரீரங்கத்தில் ரிடையர்டான ஒரு சார். பெயர் வேண்டாம். அவர் அப்பா வாங்கிய கறுப்பு கார். வயரிங் கனி பாய், பெயிண்ட் நான்.

பெயிண்ட் அடித்து அனுப்பிய மறுநாளே வண்டி திரும்பி வந்தது. பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் லேசாக எரிகிறது. இண்டிகேட்டர் போட்டால் பின்னால் சிவப்பு லைட்டும் சேர்ந்து மினுக்குகிறது.

"ஒங்க வயரிங்க நம்பி நான் எப்படிப் பாலம் தாண்டறது பாய்?" என்றார் சார்.

பாய் மூன்று நாள் தேடினார். ஸ்விட்ச், பியூஸ், ஒயர்... எல்லாம் சரியாக இருந்தன. நான் சும்மா இருப்பேனா? "என்ன பாய், தீபாவளிக்கு சீரியல் செட் போட்டீங்களா?" என்று தினமும் ஓட்டினேன்.

மூன்றாம் நாள் டிக்கிக்குள் தலையை விட்டவர் வெகு நேரம் வெளியே வரவில்லை. அப்புறம் கையை மட்டும் நீட்டி, "பெயிண்டரே, இங்க வாங்க" என்றார்.

எர்த் போல்ட். லைட்டுக்குப் போகிற கரண்ட், வண்டியின் இரும்பு வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். ஒயர் அந்த இரும்பைத் தொடுகிற இடத்தில் இரண்டு கோட் பெயிண்ட். வழி அடைத்துக்கொண்டதால் கரண்ட் கண்ட கண்ட பல்புக்குள் புகுந்து போயிருக்கிறது.

அடித்தது நான்தான். ஒயரைக் கழற்றி, அந்த இடத்தையும் பளபளவென்று ஆக்கி, காய்ந்ததும் மேலேயே முறுக்கிவிட்டேன்.

கனி பாய் சுரண்டினார். முறுக்கினார். எல்லா லைட்டும் ஒழுங்காக எரிந்தன.

சாயங்காலம் சார் வந்தார். "எர்த்துல கோளாறு சார், சரி பண்ணியாச்சு" என்றார் பாய். "இதக் கண்டுபிடிக்க மூணு நாளா?" என்றார் சார்.

பாய் என் பக்கம் ஒருமுறை பார்த்தார். நான் பானெட்டை மும்முரமாகத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு சார் அவரிடம் வரவில்லை. ஸ்ரீரங்கத்தில் இன்னும் இரண்டு பேரிடம் பழைய கார் இருந்தது. சார் சொல்லி, அவர்களும் வரவில்லை.

"ஏன் பாய் நீங்க சொல்லல?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நீங்க சொல்வீங்கன்னு நெனச்சேன்" என்றார். அவ்வளவுதான். டீ வாங்கிக் கொடுத்தார்.

ஆனால் அதிலிருந்து நான் எந்தப் பழைய வண்டியைப் பெயிண்டுக்கு எடுத்தாலும் முதலில் அவர் வருவார். எர்த் போல்ட் ஒவ்வொன்றின் மேலும் டேப் ஒட்டி, பேனாவால் 'கனி' என்று எழுதிவிட்டுப் போவார். கட்சிக்காரர்கள் சுவர் ரிசர்வ் செய்கிற மாதிரி...

இன்று மதியம் அவர் வீட்டு வாசலில் நாற்காலி போட்டிருந்தார்கள். சாரும் வந்திருந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நல்ல மனுஷன். தொழில்லதான் கடைசியில கொஞ்சம் தடுமாறிட்டார்" என்றார்.

"தடுமாறல சார். அந்த போல்ட்டு மேல பெயிண்ட் அடிச்சது நான். அவர் வயரிங்ல ஒரு குறையும் இல்ல."

சார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இத இன்னிக்கு சொல்றியேய்யா" என்றார்.

 

கொஞ்ச நேரம் கழித்து சார் எழுந்து, தெரு ஓரமாகப் போய் நின்று போன் போட்டார். "கனி பாய் விஷயமா ஒண்ணு சொல்லணும்... நான் ஒன்கிட்ட தப்பா சொல்லிட்டேன்" என்பது காதில் விழுந்தது. முடித்துவிட்டு இன்னொரு நம்பர் தேடினார்.

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் முடிந்தது.

போயிட்டு வாங்க பாய். சொல்லிட்டேன்.