கம்ப்யூட்டருக்குத் துணையாகப் போனவள்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, ஒரு கம்ப்யூட்டருக்குத் துணையாக என்னைச் சிதம்பரத்துக்கு அனுப்பிவைத்தார்கள். இதைச் சொன்னால் ஆபீஸில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். கல்யாணப் பெண்ணோடு மறுவீட்டுக்குத் துணை போகிற மாதிரி, துணிமணியை ஒரு பையில் அடைத்து, கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு நான் பஸ் ஏறியது நிஜம்தானே.

எங்கள் ஊர் கடலூர் முதுநகரைத் தாண்டி, சிதம்பரம் போகிற ரோட்டில், கெமிக்கல் கம்பெனிகளை ஒட்டி இருந்தது. அப்பாவுக்கு அங்கேதான் காண்ட்ராக்ட் வேலை, ஷிப்டு கணக்கு. ஊரில் சில நாள் அழுகின முட்டை நாற்றம் வரும், சில நாள் நெயில் பாலீஷ் வாசனை வரும், சில நாள் ஒன்றும் வராது. ஒன்றும் வராத நாளில்தான் எங்களுக்குச் சந்தேகமாக இருக்கும். வெள்ளிக் கொலுசு வாங்கின கொஞ்ச நாளிலேயே கறுத்துவிடும். என் கொலுசு கறுத்ததற்கு உடம்புச் சூடுதான் காரணம் என்று அம்மா வாராவாரம் எண்ணெய் வைத்துத் தலைமுழுக்காட்டினாள். அப்படிப் பார்த்தால் தெருவில் இருந்த அத்தனை பிள்ளைகளுக்கும் உடம்புச் சூடுதான். எனக்குக் கூடுதலாக இழுப்பும் இருந்தது. நாற்றம் வந்த மறுநாள் நெஞ்சுக்குள் விசிலடிக்க ஆரம்பிக்கும். அதையும் அம்மா ஐஸ் தின்ற கணக்கில் எழுதிவிடுவாள்.

பொண்ணு ஏசி ரூமில் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. அதற்கு முதல் படி வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். சிதம்பரத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் வேலை செய்த மாமா, அதாவது அம்மாவின் தம்பி, எல்லாவற்றையும் பார்த்து வாங்கி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷேர் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். அவர் என் அப்பாவை மாமா என்பார், அப்பா அவரை மச்சான் என்பார். இரண்டு பேரும் சேர்ந்து ஒயர்களைப் பிரித்தபோது தெருவே எங்கள் வாசலில் நின்றது.

பாஸ்வேர்டு வைக்கும்போது மாமா, வெளியாளுக்குத் தெரியாத வார்த்தையாக ஒன்று சொல்லச் சொன்னார். அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு என் பேரை வாசல் வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. வைரஸ் வராமல் இருக்க மாமா ஏதோ போட்டுவிட்டு, கண்ட பென் டிரைவையும் சொருக விடாதே என்று என்னிடம் சொன்னார். அப்பாவுக்கு அது போதவில்லை. புது வண்டி வாங்கினால் திருவந்திபுரத்துக்கு ஓட்டிக்கொண்டு போய்ப் பூஜை போடுகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் உண்டு. கம்ப்யூட்டரை எப்படி ஓட்டிக்கொண்டு போவது? கடைசியில் மவுஸை மட்டும் கழற்றி, அர்ச்சனைத் தட்டில் தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் நடுவில் வைத்துப் பெருமாளிடம் காட்டி வந்தோம். ஐயர் அதற்கும் ஒரு பொட்டு வைத்தார்.

அம்மா தன் நல்ல புடவை ஒன்றை வெட்டி ஃபிரில் வைத்து உறை தைத்தாள். மீன் வறுக்கிற அன்று உறையின் மேல் இன்னொரு போர்வை போடுவாள். எங்களுக்குச் சுற்றாத ஃபேன் அதற்குச் சுற்றியது. எனக்கு இதெல்லாம் சரியாகவே பட்டது. எங்கள் வீட்டில் கெட்டுப்போனால் திரும்ப வாங்க முடியாத பொருள் அது ஒன்றுதான் என்று நான் நினைத்திருந்தேன்.

அந்த வருஷம் முழுப்பரீட்சை லீவில் ஒரு மத்தியானம் நாற்றம் வந்தது. எப்போதும்போல இல்லை, கண்ணைத் திறக்க முடியவில்லை. எங்கள் ஊரில் அதற்கு ஒரு முறை உண்டு. ஜன்னலில் ஈரப் புடவையைக் கட்டுவார்கள், மூக்கில் ஈரத்துணி வைத்துக்கொண்டு அடங்குகிறவரை உள்ளேயே கிடப்பார்கள். அம்மா எனக்குத் துண்டை நனைத்துக் கட்டிவிட்டுத் தானும் கட்டிக்கொண்டாள். அப்புறம் கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"அதுவும் பாவம்டீ" என்றாள்.

அப்பாவின் துண்டை நனைத்து, நன்றாகப் பிழிந்து, கேபினட்டின் மேல் போர்த்தினாள். பின்பக்கம் ஓட்டை ஓட்டையாக இருக்குமே, அந்த இடத்தை விடாமல் மூடினாள். அதற்கு மூக்கு அங்கேதான் இருக்க வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றியது.

சாயங்காலம் நாற்றம் அடங்கியது. கம்ப்யூட்டரைப் போட்டால் பீப் பீப் என்று கத்தியதே ஒழிய, திரையில் ஒன்றும் வரவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஐயோ, நானே கொன்னுட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா வேலை முடிந்து வந்ததும் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். அப்பா உடனே மாமாவுக்குப் போன் போட்டார்.

மாமா மறுநாள் காலையிலேயே வந்தார். எனக்கு அதற்குள் இழுப்பு பிடித்துக்கொண்டிருந்தது. கட்டிலில் தலையணையை முதுகுக்கு வைத்து உட்கார்ந்து, மூச்சை எட்டி எட்டிப் பிடித்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா கேபினட்டைத் திறந்து தடவிப் பார்த்தார்.

"துண்டால ஒண்ணும் ஆவல அக்கா. உள்ள சொட்டுத் தண்ணி கூட எறங்கல."

அம்மா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். இது நிம்மதியில் வந்த அழுகை. மாமா சின்ன பச்சைப் பலகை ஒன்றை உருவி, என் ஜாமெண்ட்ரி பாக்ஸில் இருந்த ரப்பரால் அதன் ஓரத்தைத் தேய்த்தார். ரப்பர் கரிக்கட்டையாகிவிட்டது. திரும்பச் சொருகியதும் திரை கொஞ்ச நேரம் மினுக்கிவிட்டு அணைந்தது. அப்புறம் பெரிய பலகையையே கழற்றி வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். தங்கக் கம்பி மாதிரி ஓட வேண்டிய கோடெல்லாம் கறுத்துக் கிடந்தன. ஸ்குரு இருந்த இடமெல்லாம் பச்சை பூத்திருந்தது.

"வாங்கி ஒரு வருசம் கூட முழுசா ஆவல மாமா. எவ்ளோ பழைய மெஷினெல்லாம் பாத்திருக்கேன், இப்டி ஒண்ண பாத்ததில்ல. காத்துதான். உப்புக் காத்தும் இந்தக் காத்தும் சேந்து தின்னுருக்கு."

"மூடித்தானடா வச்சிருந்தோம்?" என்றார் அப்பா.

"மூடி வச்சா? ஓடும்போது உள்ள இழுக்குதுல்ல."

அப்பா அந்தப் பலகையைக் கையில் வாங்கிக்கொண்டார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. நான் ஏதோ தப்புச் செய்துவிட்டேன் என்று பயந்து, விசில் வெளியே கேட்காமல் இருக்க வாயை மூடிக்கொண்டேன்.

"சிதம்பரத்துல இந்தக் காத்து இல்லல்ல மச்சான்?"

"அங்க ஏது மாமா."

"அப்ப இது அங்கயே இருக்கட்டும்" என்றார் அப்பா. பலகையைக் கீழே வைத்துவிட்டு, "கூட ஒரு ஆளு வேணும். தொடைக்க, மூடி வைக்க. பாப்பா போவட்டும்" என்றார்.

அம்மா சட்டென்று எழுந்து உள்ளே போனாள். மாமா ஸ்குருவை எல்லாம் பொறுக்கி முடித்துவிட்டு, போவட்டும் மாமா, அங்கயே இஸ்கூல்ல சேத்துடறேன் என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. யாருக்குக் கிடைக்கும் இப்படி ஒரு உத்தியோகம்! மூச்சு இழுக்க இழுக்கத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். இழுப்பு அடங்கியதும் மாமாவும் நானும் கிளம்பினோம். துணி மடிக்கிறபோது அம்மா அழுதாள், நான் சும்மாவா போகிறேன் என்று அவளை அதட்டினேன். மானிட்டரைத் தலையணைகளுக்கு நடுவில் வைத்துக் கட்டி பஸ்ஸில் ஏற்றினார்கள். அப்பா கண்டக்டரிடம், ஒடையற சாமான் இருக்கு சார், பாத்து எறக்கி வுடுங்க என்று சொல்லிவிட்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸோடு கொஞ்ச தூரம் நடந்தார். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர் என்று ஒவ்வொரு பள்ளத்திலும் நான் கீபோர்டை அணைத்துப் பிடித்துக்கொண்டே போனேன்.

வடக்கு வீதிப் பக்கம் ஒரு சந்தில் மாமாவின் வீடு. ஒரு வாரத்தில் கம்ப்யூட்டர் ஓடத் தொடங்கியது. தினமும் பள்ளிக்கூடம் போகும் முன் துடைத்தேன், வந்ததும் துடைத்தேன். அத்தை பக்கத்தில் வந்தால்கூட முறைத்தேன். இழுப்பு மெல்ல மெல்ல வராமலே போனது. அதை நான் கவனிக்கவில்லை, எனக்குத்தான் தலைக்கு மேல் வேலை இருந்ததே.

ஞாயிற்றுக்கிழமை அப்பா போன் பண்ணுவார். என்ன துடைத்தேன், எப்போது மூடினேன் என்று ஒப்பிக்கத் தயாராக நிற்பேன். அவர் ஒருநாளாவது கேட்க வேண்டுமே! இழுப்பு வந்துச்சா, நல்லா தூங்குனியா, அத்தைகிட்ட குடு. இவ்வளவுதான். நடுநடுவே இருமல் வேறு, பேச்சே புரியாது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். பெற்ற பிள்ளையைக் காவலுக்கு அனுப்பிவிட்டு, பொருளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காத மனுஷன்! லீவுக்கு ஊருக்குப் போனாலோ, மறுநாளே பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நிற்பார். அது கிடக்கட்டும்ப்பா, நான் இங்கேயே இருக்கேனே என்று அழுதால், "கெடக்கட்டுமா? யாரு பாத்துப்பா?" என்று ஏற்றிவிடுவார். என்னைவிட அந்தப் பெட்டிதான் அவருக்கு ஒசத்தி என்று பஸ்ஸில் அழுதுகொண்டே போயிருக்கிறேன்.

படிப்பு முடிந்து எனக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தில் மாமா வீட்டுக்கு ஸ்வீட் கொண்டுபோன அன்று, அந்தக் கம்ப்யூட்டரை நான் துடைத்த துடைப்பைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். அத்தை சிரிக்கவில்லை.

"உங்க கம்ப்யூட்டரு உங்க ஊட்டு வாசல்லயே செத்துப்போச்சுடி. மாமா கடையில கெடந்த பழசத்தான் உள்ள வச்சு மூடினாரு. பொண்ணுகிட்ட சொல்லிடாத மச்சான், தெரிஞ்சா திரும்பி வந்துடும்னு உங்கப்பாதான் சொன்னாரு."

அத்தனை வருஷமும் அப்பாவும் அம்மாவும் அதே ஊரில், அதே காற்றில்தான் இருந்தார்கள். நீங்களும் என்னோடு வாருங்கள் என்று நான் ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. ஒரு கம்ப்யூட்டருக்கு ஓர் ஆள் போதுமே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.