சூளூர்பேட்டைக்கு மூன்று ஒத்திகை

எழுபதுகளின் கடைசியில் ஒரு வருஷம், நைனா மாதக்கணக்கில் வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தார். அடுத்த வீட்டு மாமாவும் அப்படித்தான். திருவொற்றியூரில் எங்கள் தெருவின் பாதி ஆண்கள் பட்டப்பகலில் கைலியோடு உலாத்தினார்கள். எங்களுக்கு முழுப்பரீட்சை லீவு விடுவதுபோல் கம்பெனியிலும் விடுவார்கள் போலும் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அப்போது எட்டு வயது.

அந்த லீவில்தான் டீக்கடைப் பேப்பரில் ராக்கெட் செய்தி வந்தது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விடப்போகிறார்களாம். நைனா மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"இங்க ரயில் ஏறினா சூளூர்பேட்டை. எறங்கி அண்ணாந்து பாத்தா ராக்கெட்டு. இதைக்கூட பாக்காம இன்னா வாய்க்கை?"

அம்மா மீன் கழுவிக்கொண்டே கேட்டாள். "ஒன்னக் கேட்டுகினா வுடப்போறான்?"

அன்றே திட்டம் தொடங்கிவிட்டது. பழைய காலண்டரின் பின்பக்கத்தில் நைனா ரயில் பாதை வரைந்தார். ராக்கெட்டிலிருந்து புஸ்வாணம் மாதிரி நெருப்பு கொட்டும், குடை அவசியம் என்றார் அடுத்த வீட்டு மாமா. கத்திவாக்கத்திலிருந்து வந்த தாய்மாமன் மீன்பிடிக்கிறவர். அவருக்கு ரயிலே பிடிக்கவில்லை.

"கட்டுமரத்துல குந்து மச்சான். நேரா ராக்கெட்டுக்குக் கீழயே கொண்டுபோய் வுட்டுடறேன்."

கடலோரத்திலேயே பிறந்திருந்தும் நைனாவுக்கு அலையைக் கண்டால் குமட்டும். "பொம்பளப் புள்ள கீதுப்பா" என்று என்னைக் காட்டித் தப்பித்துக்கொண்டார்.

போகிற நாளில் எதுவும் தவறிவிடக்கூடாது என்று ஒத்திகைக்கு ஏற்பாடு செய்தார். மூட்டை முடிச்சோடு ஸ்டேஷன் வரை நடந்துபோய்த் திரும்புவதுதான் ஒத்திகை. புளிசோறு நிசப் பயணத்துக்கு மட்டும் என்று அம்மா சொல்லிவிட்டதால், கனம் தெரிவதற்காகத் தூக்குவாளியில் தண்ணீரை நிரப்பிக்கொண்டோம்.

முதல் ஒத்திகையில் தூங்கிக்கொண்டிருந்த தம்பியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தது பிளாட்பாரத்தில்தான் தெரிந்தது. இரண்டாவதில், வண்டி வந்து நின்ற வேகத்தில் அடுத்த வீட்டு மாமா தன்னை மறந்து ஏறிவிட்டார். கும்மிடிப்பூண்டி வரை போய், குடையும் தண்ணீர் வாளியுமாகச் சாயங்காலம் திரும்பினார். மூன்றாவது பிசகில்லாமல் நடந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து நான் பத்திலிருந்து தலைகீழாக எண்ணிக்காட்ட, பூஜ்யம் என்றதும் தம்பி டிரங்குப் பெட்டி மேலிருந்து கிளம்பி முன்பல்லை உடைத்துக்கொண்டான்.

"ஒரு தபாவாவது நெசமா போவமா?" என்றாள் அம்மா.

நிசமாகவே போனோம். பேப்பரில் போட்டிருந்த நாளன்று விடிந்ததும் பிளாட்பாரத்தில் நின்றோம். வாளியில் புளிசோறு மணத்தது. கைகாட்டி இறங்கிவிட்டது. அப்போது சைக்கிளில் ஒருவர் கத்திக்கொண்டே வந்தார். நைனாவோடு வேலை பார்த்தவர்.

"ண்ணோவ்! கம்பெனி கேட்டு தொறந்துட்டான்! அல்லாரையும் உள்ள வுடறான்! ஓடியா!"

நைனா வாளியை என் கையில் திணித்தார். அடுத்த வீட்டு மாமா குடையை அப்படியே போட்டார். இருவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடின ஓட்டத்தில் நைனாவின் ஒரு செருப்பு பின்தங்கிவிட்டது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வண்டி வந்தது. அம்மா பெஞ்சியில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ராக்கெட் போய்விட்டதே என்று அழுகிறாள் போல. "நாம மட்டும் போலாம்மா" என்று கையைப் பிடித்து இழுத்தேன். அவள் அசையவில்லை. வண்டி புறப்பட்டுப் போனதும், அங்கிருந்த போர்ட்டர்களுக்கெல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் புளிசோற்றை அள்ளிவைத்தாள். எனக்கு ஆத்திரம் பொங்கிற்று.

சாயங்காலம் நைனா கையெல்லாம் கிரீஸோடு வந்தார். அதைக் கழுவக்கூட இல்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்த என்னைக் கொஞ்ச வந்தார்.

"போ நைனா! இன்னிக்கு ஒரு நாளு லீவு போட்டா இன்னாவாம்?"

நைனாவும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மாதான் முதலில் சிரித்தாள். பிறகு நைனா. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டிருந்த மாமாவும் இருமலுக்கு நடுவே சிரித்தார். கொஞ்ச நேரத்தில் நான் சொன்னது தெரு முழுக்கப் போய், வீட்டுக்கு வீடு சிரிப்புச் சத்தம் கேட்டது. பல மாதங்களாக அந்தத் தெரு அப்படிச் சிரித்ததில்லை.

ராக்கெட் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. நான் சொன்னதில் அப்படி என்ன சிரிப்பு என்று புரியாமல், அத்தனை பேர்மீதும் கோபத்தோடு தூங்கிப்போனேன்.