மழைக்கென்று சொன்ன ஜெபமாலை

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். மாதாமாதம் கோவிலில் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது அதையே என் பாவமாகச் சொல்லிச் சொல்லி ஃபாதருக்கே சலித்துவிட்டது. "வேற ஒண்ணும் இல்லையா?" என்றார். பொய் ஒன்று இருந்தது. அதை அவரிடமும் சொல்லவில்லை.

மனைவிக்குக் கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறது, புற்றா இல்லையா என்று ரெண்டு வாரத்தில் தெரியும் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். அவளிடம் நான் மூச்சுவிடவில்லை. "குடம் தூக்கக் கூடாதாம், மத்தபடி ஒண்ணுமில்ல" என்று முடித்துக்கொண்டேன்.

ரிசல்ட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் எங்கள் வீட்டில் ஜெபமாலை. அக்டோபரில் எங்கள் தெருவில் மாதா சுரூபம் நாளுக்கொரு வீடாக வரும். கத்தோலிக்கக் குடும்பங்கள் எல்லாம் அந்த வீட்டில் கூடுவோம். முழங்காலில் நின்று, நடுவில் எழும்பாமல், மணிக்கொரு ஜெபமாகப் பத்துப் பத்து மணி வரும் ஐந்து பத்தையும் முடித்தால் ரிசல்ட் நல்லபடியாக வரவேண்டும் என்று மாதாவிடம் ரகசியமாகப் பேரம் பேசி வைத்திருந்தேன்.

"என்ன கருத்துக்கு ஜெபிக்கணும் அண்ணாச்சி?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டுக்காரி. தீப்பெட்டி ஆபீசில் வேலை, ஜெபம் நடத்துவதும் அவள்தான். மனைவி அருகிலேயே உட்கார்ந்திருந்தாள். "மழைக்கு" என்றேன். கரிசல் காட்டில் விதைத்துவிட்டு ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. யாருக்குச் சந்தேகம் வரும்?

மூன்றாம் பத்து பாதியில் தெருவில் ஒரு சத்தம்: "தண்ணி வந்துட்டு!"

எங்கள் தெருக்குழாயில் எட்டு நாளைக்கு ஒருதரம்தான் தண்ணீர். கேட்டதுதான் தாமதம், வீடு காலி. "மழை கேட்டோம், மாதா குழாயில விட்டுட்டா" என்று சிரித்துக்கொண்டே ஓடினார் ஒருவர். மிச்சம் மாதா, மனைவி, நான்.

வந்ததே எனக்கு ஆத்திரம்! பேரத்தையும் மறந்து எழுந்து, "ஜெபத்த விட்டுட்டு ஓடுதீயளே, வெளங்குவீயளா?" என்று கத்திக்கொண்டே வாசலுக்குப் போனேன்.

வாசலில் என் டிரம் நிறையத் தொடங்கியிருந்தது. குழாயிலிருந்து டிரம் வரைக்கும் பெண்கள் வரிசையாக நின்று குடத்தைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி "அருள் நிறைந்த மரியே" சொல்ல, மற்றவர்கள் "புனித மரியே" என்றார்கள். குடத்துக்கு ஒரு மணி.

"கத்தாதீய அண்ணாச்சி, எட்டாவது மணி ஓடுது" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "மதினி குடம் தூக்கக் கூடாதுல்லா? உங்க டிரம் நெறஞ்சாத்தான் மத்த வீட்டுக்கு."

"இல்ல... மழைக்குன்னு ஆரம்பிச்சது..." என்று இழுத்தேன்.

"மழையாம்லா மழை! நாளைக்கு ரிசல்ட்டுன்னு மதினி போன வாரமே சொல்லிட்டாவ. நர்ஸு அவியட்ட ஆப்பரேசன் அன்னைக்கே சொல்லிட்டாளாம். 'எங்க வீட்டுக்காரர்ட்ட காட்டிக்கிடாதீங்க, அவிய தாங்கமாட்டாவ'ன்னாவ. நாங்க முதல் மணியில இருந்தே மதினிக்குத்தான் ஜெபிக்கோம். இந்தாங்க, நாலாம் பத்து நீங்க சொல்லுங்க."

குடம் என் கைக்கு வந்தது. அதை டிரம்மில் கவிழ்த்துவிட்டு, ஜெபத்தை விட்டு அடுத்த குடத்துக்குக் கையை நீட்டினேன். பின்னால் வாசலில் வந்து நின்ற மனைவி, "பொய் மட்டும் நல்லா வருது, ஜெபம் வரலியோ?" என்று அதட்டிவிட்டு அவளே தொடங்கினாள்.

மறுநாள் இரண்டு பேருமாகவே போனோம். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதும், ஆஸ்பத்திரி என்றும் பாராமல் ஓவென்று அழுதது நான்தான்.