கொத்தனார் நட்ட நெல்

ஒரு கொத்தனார் நாற்று நட்டு நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் போன ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன்.

தம்பானூருக்குப் பின்னால், எங்கள் லைன் வீடுகளை ஒட்டி ஒரு சதுப்பு நிலம். அரசாங்கத்துடையது. கோரையும் கொசுவும் குடியிருக்கும் இடம். மழை கொட்டினால் தெருத் தண்ணீரில் பெரும்பங்கு அதற்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். அது இல்லையென்றால்? மொத்தமும் பாக்கியம் அக்கா வீட்டில்தான் படுக்கும். தெருவிலேயே பள்ளமான வீடு அது.

இப்போது சட்டசபையில் ஒரு மசோதா. 'உபயோகமில்லாத' ஈர நிலத்தையெல்லாம் மண் போட்டு நிரப்பி, வளர்ச்சிக்குக் கொடுத்துவிடலாமாம். இருந்த தடையெல்லாம் நீங்குகிறது. எட்டாம் வகுப்போடு நின்றவன் நான்... எனக்கே புரிந்துவிட்டது.

எங்கள் பக்கத்துச் சதுப்பு எந்த ரகம் என்று பார்க்க திங்கட்கிழமை ஆபீஸர் வருகிறார் என்று சேதி.

"பயிர் நின்னா உபயோகம்தானே? நட்டுருவோம்!" என்றார் பாக்கியம் அக்கா. நாகர்கோவில் பஸ்ஸில் அவர் தம்பி நாற்றுக் கட்டோடு வந்து இறங்கினார்.

நடுவதற்கு ஆள்? தெரு முழுக்கக் கட்டட வேலைக்காரர்கள்! அக்காவின் கணவர் செல்லையா கொத்தனார் நேராகப் போய் நூல் கட்டினார். நூல் பிடித்து ஒரு வரிசை நட்டார். அடுத்த வரிசையை, முதல் வரிசை நாற்றுகளின் இடைவெளிக்கு நேராக நட்டார்.

"அண்ணாச்சி, இது நாத்தா, செங்கலா?"

"ஜாயிண்டுக்கு மேல ஜாயிண்ட் வரக்கூடாதுல்லா லே! சுவரு நிக்காது."

"அப்போ பூசிரலாமா? நான் வேலை பாக்குற கடையிலேருந்து சிமெண்ட் எடுத்துட்டு வரட்டா?"

பதிலுக்கு என் முகத்தில் ஒரு பிடி சேறு பூசப்பட்டது.

திங்கட்கிழமை ஆபீஸர் வந்தார். பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"இது எந்தா... நெல்லோ, மதிலோ?" என்று மலையாளத்தில் கேட்டார்.

"ரெண்டும்தான் சாரே!" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்தது, பதவி தடுத்தது. "தமாஷ் வேண்டா. நேத்து நட்டதல்லே? பில் பாஸாயால் ஜேசிபி வந்து எல்லாம் மூடும். இந்த நிலம் கொண்டு எந்து உபயோகம்?"

அக்கா அவரை வீட்டுக்குள் கூட்டிப்போய், கட்டில் கால்களுக்கு அடியில் அடுக்கியிருந்த செங்கல்லைக் காட்டினார்.

"நெலம் இருக்கும்போதே மழைத்தண்ணி இம்புட்டு உசரம் வருது சார். அதையும் மூடிட்டா உத்தரத்துலயா படுக்க? ஜேசிபி வரட்டும். நாங்க நாத்துக்கு நடுவுலதான் நிப்போம்."

ஆபீஸர் அந்தச் செங்கல்லை எண்ணிப் பார்த்தார். "என் கையில் ஒன்னும் இல்லா. அவிடெ போய்ப் பறயணும்" என்று செக்ரட்டேரியட் பக்கம் கைகாட்டிவிட்டு நடந்தார்.

பெரிய மனுஷர் வழி காட்டியிருக்கிறார். போகாவிட்டால் மரியாதையா? மசோதா புதன்கிழமை விவாதத்துக்கு வருகிறது. தெருவே வேலைக்கு லீவு போட்டுவிட்டுச் சேற்றுக்காலோடு செக்ரட்டேரியட் வாசலில் உட்காரப் போகிறோம். நீங்களும் வாருங்களேன்... இடமா இல்லை?

"வளர்ச்சி வேண்டாமா தம்பி?" என்பீர்கள். வேண்டும் சார்! சாலை பஜாரில் சிமெண்ட் விற்றுச் சாப்பிடுகிறவன் நான். ஊரில் வீடு கட்டினால்தான் எனக்குச் சோறு. ஆனால் தண்ணீருக்கும் ஒரு வீடு வேண்டாமா? அதை இடித்தால் தண்ணீர் யார் வீட்டுக் கதவைத் தட்டும்? நிச்சயமாக மசோதா எழுதியவர்கள் வீட்டை அல்ல — அதெல்லாம் மேட்டில் இருக்கிறது.

"பெரிய எடம் லே... கொஞ்சம் குனிஞ்சு போ" என்கிறார் என் கடை முதலாளி.

முடியாது முதலாளி. எங்கள் தெருவில் குனியப்போவது நெற்கதிர் மட்டும்தான்!